கணக்கில் வராத தம்பி

காரைக்குடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வள்ளிக்குக் கால் ஓர் இடத்தில் தரிக்காது என்பார்கள். நான் ஆயுள் காப்பீட்டு முகவர். காலையில் கோட்டையூரில் ஒரு வீடு, வெயில் ஏறுவதற்குள் பள்ளத்தூரில் இரண்டு வீடு, மாலையில் மகள் தேனுவைப் பாட்டு வகுப்பில் இறக்கிவிட்டு அதே ஸ்கூட்டரில் செக்காலைப் பக்கம் ஒரு கடை. சாப்பிடுவதுகூட நின்றுகொண்டேதான். அப்படிப்பட்டவளை மாதக்கணக்கில் கட்டிலில் போட்டு வைத்தது ஒரு நோய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "எலும்பு மஜ்ஜை", "ஸ்டெம் செல்" என்று டாக்டர் சொல்வதைக் கேட்டு இந்த நேரம் எங்கேயோ ஒரு குடும்பம் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு உதவட்டும். பொறுமையாகச் சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் காலில் நீலத் திட்டுகள் வந்தன. ஸ்கூட்டர் ஸ்டாண்டு இடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. பிரஷ்ஷை மாற்றினேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. முப்பத்தெட்டு வயதாகிறதே, வாங்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரெல்லாம் போய் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று ஓதுகிறவளுக்குத் தன் உடம்பைப் பார்க்க நேரமில்லை. ஒருநாள் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் நிற்கவே இல்லை. என் கணவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்க வைத்தார். முடிவை வாங்க நாங்கள் போகவில்லை, லேபிலிருந்து அவர்களே போன் செய்தார்கள்.

எங்கள் ஊர் டாக்டர் தாளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்காதீக. வீட்டுக்குக்கூடப் போக வேணாம். இப்படியே மதுரைக்குக் கிளம்புங்க" என்றார்.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம். ரத்த நோய்ப் பிரிவின் காத்திருப்பு அறையில் எல்லாரும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் அங்குட்டும் இங்குட்டும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு நர்ஸ் வந்து அதட்டினாள். "அக்கா, ரத்தத்தை நிறுத்தற தட்டணு உங்களுக்கு ரொம்பக் கொறஞ்சு கெடக்கு, நீங்க நடக்கவே கூடாது. கீழ விழுந்து தலையில அடிபட்டா மண்டைக்குள்ள ரத்தம் கசியும். உக்காருங்க." உட்கார்ந்தேன். முழங்கால் மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

மஜ்ஜைப் பரிசோதனை பற்றி ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள், முழுக்க நம்பாமலும் இருக்காதீர்கள். குப்புறப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, அப்புறம் ஒரு தடித்த ஊசியைத் திருகி இறக்குகிறார்கள். அது வலி என்று சொல்ல முடியாது. உறிஞ்சுகிற அந்த ஒரு கணம்தான், உயிரின் நுனியைப் பிடித்து யாரோ வெடுக்கென்று இழுத்தது போல இருந்தது. "ஆத்தாடி" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த என் ஆத்தாவுக்கே கேட்டதாம். அம்மாவை நாங்கள் ஆத்தா என்போம், அப்பாவை அப்பச்சி. அப்பச்சி இல்லை இப்போது.

டாக்டர் என் வயதுப் பெண். வேகமாகப் பேசுவார். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. நோயின் பெயர் அப்லாஸ்டிக் அனீமியா என்றார். புற்றுநோய் இல்லை. ஆனால் சும்மா விட்டுவிடுகிற நோயும் இல்லை.

"எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கு. அதுல ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. தமிழ்ல குருத்தணும்பாங்க. அதோட வேலை என்னன்னா, ரெண்டாப் பிரியறப்ப ஒண்ணு குருத்தாவே தங்கிக்கும். இன்னொண்ணு வளர்ந்து ரத்தமாகும். மூச்சுக் காத்தைச் சுமக்கற சிவப்பணு, கிருமியோட சண்டை போடற வெள்ளணு, ரத்தத்தை உறைய வைக்கற தட்டணு, மூணும் அதுலேருந்துதான். உங்க உடம்போட காவல் படையே ஏதோ குழப்பத்தில அந்தக் குருத்தைத் தாக்கி அழிச்சிடுச்சு. மஜ்ஜை இருக்கற இடத்தில வெறும் கொழுப்புதான் இருக்கு."

ஆத்தாதான் முதலில் கேட்டார். "உறைமோர் தீந்துபோச்சுன்னு சொல்றீகளா டாக்டர்?"

"அதேதாம்மா. இனி பக்கத்து வீட்லேருந்துதான் வாங்கணும். எல்லார் வீட்டு மோரும் ஒத்துக்காது, அதுதான் சிக்கல்."

ஒவ்வொருவர் செல்லின் மேலும் ஓர் அடையாளம் இருக்கிறதாம். இது நம் ஆள், இது அந்நியன் என்று உடம்பு அதை வைத்துத்தான் பிரித்தறிகிறது. அதில் பாதி அம்மாவிடமிருந்து வருகிறது, பாதி அப்பாவிடமிருந்து. கூடப் பிறந்தவர் ஒருவருக்கு நம்முடைய அடையாளம் முழுதும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பெற்ற தாய்க்கே பாதிதான் பொருந்தும்.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்றார் டாக்டர்.

"ஒரே தம்பி டாக்டர். மெய்யப்பன். சென்னையில இருக்கான்" என்றேன். ஆத்தா தலையை ஆட்டினார். என் கணவரும் ஆட்டினார்.

டாக்டர் ஓர் எச்சரிக்கையும் சொன்னார். மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கும்வரை வெளி ஆட்களின் ரத்தமும் தட்டணுவும் ஏற்றித்தான் என்னை ஓட்ட வேண்டும். ஆனால் பெற்றவர், பிள்ளை, கூடப் பிறந்தவர், இவர்கள் யாரும் எனக்காக ரத்தம் கொடுக்கவே கூடாது. அவர்களுடைய ரத்தம் முன்கூட்டியே உள்ளே போனால் என் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். பிறகு அவர்கள் மஜ்ஜையை வைத்தால் ஏற்காமல் துப்பிவிடும். புரிந்ததா என்று இரண்டு முறை கேட்டார். புரிந்தது என்று இரண்டு முறையும் சொன்னோம்.

என்னைத் தனி அறையில் போட்டார்கள். சொட்டு மருந்து இயந்திரம் பீப் பீப் என்று கத்தும். நான் அதைவிடச் சத்தமாகக் கத்துவேன். ஜன்னல் வழியே தெரிந்த ரோட்டில் ஸ்கூட்டர்கள் போவதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். தேனு வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டுவாள். கிட்டே வரக்கூடாது, அவளுடைய சாதாரணச் சளி என்னைக் கொன்றுவிடும். ஒருநாள் அவள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். நான் திரும்பிப் படுத்து அழுதேன்.

தட்டணு சில நாளைக்கு மேல் தாங்காது, திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். என் கணவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். கோட்டையூர்ச் சித்தப்பா மகன் சொக்கு நண்பர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற தொழில் அவனுக்கு, ஆள் பழக்கம் அதிகம். மற்றவர்களோடு அவனும் படுத்துத் தட்டணு கொடுத்தான். போகும்போது கண்ணாடி வழியே, "ஆச்சி, உள்ளேயே ஒரு ஆபீஸ் போட்டுட்டீக போல" என்று கேலி செய்தான். அக்காவை எங்கள் பக்கம் ஆச்சி என்பார்கள். அவன் கொடுத்த பை அன்றைக்கே எனக்கு ஏறியது.

மெய்யப்பன் சென்னையிலிருந்து வந்து பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போனான். முடிவு வரும்வரை நான் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. வந்தது. பாதிதான் பொருத்தம். "பாதிப் பொருத்தத்திலயும் செய்யறோம், ஆனா சிக்கல் அதிகம். மஜ்ஜை தரப் பேர் குடுத்த வெளி ஆள் பட்டியல்லயும் தேடறேன்" என்றார் டாக்டர். தேடுதல் என்றால் காத்திருத்தல். எனக்கு அந்தச் சொல்லே ஆகாது.

அந்த நாட்களில் யாரோ என் கணவருக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். எங்கேயோ ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி ஒன்று போட்டால் சர்க்கரை, முழங்கால் வலி, வழுக்கை, வாதம் எல்லாம் போய்விடுமாம். பாவம், அவர் அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். டாக்டருக்கு வந்ததே கோபம்! "ரத்த நோய்க்கு மஜ்ஜை மாத்தறது நிரூபிச்ச சிகிச்சை. மத்ததுல நிறைய இன்னும் ஆராய்ச்சி மேசையில இருக்கு. ஒரே ஊசி எல்லாத்துக்கும்னு ஒருத்தர் சொன்னா, அங்கேயே எழுந்து வந்துடுங்க" என்றார். உங்களுக்கும் அந்த வீடியோ வரும். இதை நினைவில் வையுங்கள்.

ஆராய்ச்சி என்றதும் நஸ்ரினைச் சொல்ல வேண்டும். இளையான்குடிப் பெண், இதே குருத்தணுவில் ஆராய்ச்சி செய்கிற மாணவி. என் மஜ்ஜையில் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டு வந்தாள். எதற்கு என்றேன். "உங்க செல்லை எடுத்து, அது பிறந்தப்ப இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோவோம் அக்கா. பழையபடி குருத்தாயிரும். அதைத் தட்டுல வளத்துப் பாத்தா ஏன் அழிஞ்சுச்சுன்னு தெரியும். புது மருந்தை முதல்ல அதுமேலதான் போட்டுப் பாப்போம். மனுசர் மேல அப்புறம்தான்."

"தயிரை மறுபடி பாலாக்குவேங்கிற. ஆகுமா?"

"ஆகும்க்கா. இப்ப ஆகுது."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. எடுத்துக்கொள் என்றேன். நோய் பரம்பரையாக வந்ததா என்று பார்க்க அவளுக்குக் குடும்ப விவரமும் வேண்டியிருந்தது. ஆத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அம்மா, கலைஞ்சது, தங்காதது எல்லாம் சேத்துச் சொல்லுங்க. உங்களுக்கு மொத்தம் எத்தனை பிரசவம்?"

"கலையவெல்லாம் இல்லத்தா. மூணு. மூணும் சுகப்பிரசவம்" என்றார் ஆத்தா.

நஸ்ரின் நிமிர்ந்தாள். "மூணா? அக்கா, மெய்யப்பண்ணன், ரெண்டுதான வருது? இன்னொண்ணு என்னாச்சு, தவறிருச்சா?"

"சீச்சீ, வாயக் கழுவு. நல்லா இருக்கான். கோட்டையூர்ல" என்றார் ஆத்தா.

நஸ்ரின் எழுந்து ஓடியே போனாள், டாக்டரைக் கூட்டிவர.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களில் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிள்ளை கூட்டுவது வழக்கம். சாமி முன்னால் மஞ்சள் நீர் குடிக்க வைப்பார்கள். குடித்த நிமிடத்திலிருந்து அவன் அந்த வீட்டுப் பிள்ளை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது, கோயிலுக்குக் குடும்ப வரி எழுதுவது, கொள்ளி வைப்பது எல்லாம் அந்த வீட்டு மகனாகத்தான். பெற்றவர்கள் அவனுக்குப் பெரியப்பச்சி, பெரியாத்தா ஆகிவிடுவார்கள். சொக்கு எங்கள் ஆத்தாவுக்குக் கடைசிப் பிள்ளை. பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில் கோட்டையூர்ச் சித்தப்பாவுக்கும் சிகப்பி சின்னாத்தாவுக்கும் பிள்ளையாகப் போனான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் எனக்கு ஒரே தம்பிதான். மறைக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. நாக்குக்கு அப்படித்தான் பழகிவிட்டது. வீடு வீடாகப் போய்க் "கூடப் பிறந்தவுக எத்தனை பேரு" என்று கேட்பது என் தொழில், என் நாக்குக்கே அப்படி.

ஆத்தாவுக்கு அது நாக்கோடு நிற்கவில்லை. மஞ்சள் நீர் குடித்த அன்றைக்குச் சின்னாத்தாவிடம், "இனி இவன் உன் பிள்ளை. இவன் மேல உரிமைன்னு கேட்டு ஒருநாளும் உன் முன்னாடி நிக்க மாட்டேன்" என்று சொன்னாராம். அப்படியே இருந்தார். சொக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால், "வாங்க தம்பி, உக்காருங்க" என்று விருந்தாளிக்குச் சொல்வது போல மரியாதை போட்டுச் சொல்வார். டா போட்டு நான் கேட்டதே இல்லை. அவன் கல்யாணத்தில்கூட மூன்றாவது வரிசையில் நின்று அட்சதை போட்டார். பாசம் பொங்கினால் அடுப்படிக்குள் போய்விடுவார். தொட மாட்டார்.

டாக்டர் வந்தார். கேட்டார். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு என் கணவர் மென்று விழுங்கிக்கொண்டே சொன்னார், "அந்தத் தம்பி ஏற்கெனவே தட்டணு குடுத்துருக்காப்ல டாக்டர்."

"யாருக்கு?"

"இவளுக்குத்தான்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் ரெண்டு தடவை கேட்டேனே! புரிஞ்சுதான்னு கேட்டேனே!" என்றார். சொந்தத் தம்பியின் ரத்தத்தை நாங்களே உள்ளே ஏற்றி, அவனை எதிர்க்க என் உடம்புக்குப் பாடம் எடுத்திருக்கிறோம். இந்தத் தப்பை எங்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்!

சொக்குவை அழைத்தார்கள். அன்று மாலையே வந்து கன்னத்துக்குள் பஞ்சைத் தேய்த்துக் கொடுத்தான். நாட்கள் நகரவில்லை. நகத்தைக் கடித்தால் ரத்தம் வரும் என்று நர்ஸ் என் விரலில் பஞ்சு சுற்றிவிட்டாள். முடிவு வந்தது. முழுப் பொருத்தம். ஒரு பை ஏறியதால் ஒட்டாமல் போகும் ஆபத்து கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனாலும் இதுதான் நல்ல வழி, பழைய காவல் படையை இன்னும் பலமாக அடக்கிவிட்டு வைக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு அப்பொழுதே எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

அதற்குள் கோட்டையூருக்கு விஷயம் போய்விட்டது. சொக்கு சின்னாத்தாவிடம் சொல்லாமல் வந்திருக்கிறான். சித்தப்பா இறந்த பிறகு அவருக்கு இருக்கிறது இந்த ஒரே பிள்ளை. முதுகெலும்பில் ஊசி குத்துவார்கள், கால் விளங்காமல் போய்விடும் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். சொக்கு எனக்குப் போன் செய்தான். "ஆச்சி, நீங்க கவலப்படாதீக. ஆத்தாட்ட வேலை விசயமா வெளியூர் போறேன்னு சொல்லிட்டு வந்துர்றேன்." அவன் ஆத்தா என்றது சின்னாத்தாவை.

எனக்கு அதுவே போதும். ஆனால் என் ஆத்தா போனை வாங்கி, "வேணாம் தம்பி. உங்க ஆத்தாவுக்குத் தெரியாம நீங்க ஒண்ணும் தர வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் வெடித்தேன். "அப்ப நீங்க போய்க் கேளுங்க!"

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேப்பேன்? கேக்க மாட்டேன்னு சொன்னவ."

"இங்க நான் சாகக் கெடக்கேன், நீங்க முறை பாத்துக்கிட்டு இருக்கீகளா? அவன் எலும்பைத்தான கேக்குறோம், அவனையவா திருப்பிக் கேக்குறோம்? நாளைக்குத் தேனுட்ட என்ன சொல்லுவீக?"

கத்தியதில் மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. ஆத்தா துடைத்தார். அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே கூசுகிறது. என்னைவிட, தான் கொடுத்த வாக்குதான் அவருக்குப் பெரிது என்றே நினைத்தேன்.

இரண்டொரு நாளில் சின்னாத்தாவே வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்தார். முகக்கவசத்தைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு, வந்த வேகத்தில் ஆரம்பித்தார்.

"என்ன ஆச்சி, இத்தனை வருசம் கழிச்சு என் பிள்ளை ஒருத்தன் இருக்கான்னு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சாக்கும்? எனக்குத் தெரியாமக் கூப்புட்டு வாய்க்குள்ள பஞ்ச விட்டு எடுத்துருக்கீக. நாளைக்கு இடுப்ப ஒடச்சு எடுப்பீக. கேக்குற முறைன்னு ஒண்ணு இல்லையா? அன்னைக்கு நான் உங்க வீடேறி வந்து, உங்க முன்னாடி நின்னு கேட்டுத்தான வாங்குனேன்?"

நான் வாயைத் திறக்கப் போனேன். ஆத்தா கையைக் காட்டி நிறுத்தினார். உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்தார். சின்னாத்தா அவருக்குப் பதினைந்து வயதாவது இளையவர். அவரை ஆத்தா நாளும் "சிகப்பி, சிகப்பி" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"ஆச்சி" என்றார் ஆத்தா. மூத்தவளைக் கூப்பிடுகிற சொல்லால் இளையவளைக் கூப்பிட்டார். "உங்க பிள்ளைட்ட கொஞ்சம் எலும்புச் சாறு வேணும். எம் மகளுக்கு வேற போக்கிடம் இல்ல. மனசு இருந்தாக் குடுங்க. இல்லேன்னாலும் நான் உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன்."

கை கூப்பினாரா இல்லையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. உங்க பிள்ளை என்று சொன்னபோது குரல் ஆடாமல் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

சின்னாத்தா அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நோயாளியின் கட்டிலில் உட்காரக்கூடாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. "இத்தனை வருசமாப் பயந்துக்கிட்டே கெடந்தேன் ஆச்சி" என்றார். "அவன் எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டுப் படுத்தா பயம். உங்க வீட்டு விசேசத்துக்கு வந்தா பயம். என்னைக்காச்சும் ஒருநா நீங்க வந்து பிள்ளையக் கேட்டுருவீகளோன்னு. கேட்டது இதுதானா..." அப்புறம் அழுதார். முகக்கவசம் நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

டாக்டரும் நஸ்ரினும் வந்து விளக்கினார்கள். முதுகெலும்பு இல்லை, நான் பரிசோதனைக்குக் கொடுத்த அதே இடுப்பெலும்பு. மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள். மயக்கம் என்றால் சிறு ஆபத்து எப்போதும் உண்டு, அதையும் டாக்டர் மறைக்கவில்லை. சில நாள் இடுப்பு வலிக்கும். சின்னாத்தாவுக்கு ஒரே கேள்விதான்.

"எடுத்தது திரும்ப ஊறுமா?"

"நம்ம ஊருணி மாதிரிதான் அம்மா. எறைக்க எறைக்க ஊறிரும்" என்றாள் நஸ்ரின்.

"அப்ப எடுத்துக்கங்க. எனக்கு மட்டும் முழுசாத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார் சின்னாத்தா. என்னைப் பார்த்து, "நீ கத்துறதக் கொறச்சுக்க. கீழ லிப்டு வரைக்கும் கேக்குது" என்று ஒரு வசவும் வைத்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு நடந்தது மருத்துவம். முதலில் என் பழைய காவல் படையை அழிக்கிற மருந்து. குளிரில் கட்டிலே ஆடும்படி உடம்பு தூக்கிப் போட்டது. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. நானே மழிக்கச் சொல்லிவிட்டேன், ஒவ்வொன்றாகக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? பிறகு சொக்குவின் மஜ்ஜை வந்தது. பெரிய அறுவை சிகிச்சை என்று நினைத்திருந்தேன். ஒரு பை, கருஞ்சிவப்பு, கழுத்து நரம்புக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவ்வளவுதான். எலும்புக்குள் யாரும் கொண்டுபோய் வைப்பதில்லை. குருத்தணுக்கள் ரத்தத்தில் நீந்தி, தங்கள் இடம் எது என்று தாங்களே கண்டுபிடித்து எலும்புக்குள் போய் உட்காருமாம். எப்படித் தெரியும் அவற்றுக்கு என்று கேட்டேன். கொஞ்சம் தெரியும், மீதியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள் நஸ்ரின். சொக்கு பக்கத்துப் பிரிவில் குப்புறப் படுத்தபடி, "ஆச்சி, என் சரக்கு வந்து சேந்துச்சா?" என்று போனில் கேட்டான்.

பிறகு காத்திருப்பு. இதைப் போல ஒரு காத்திருப்பு எதிரிக்கும் வர வேண்டாம். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாது. காய்ச்சல் ஏறும், இறங்கும். ஒவ்வொரு காலையும் ரத்தம் எடுப்பார்கள், வெள்ளணு எண்ணிக்கை சுழி என்று வரும். நேற்றும் சுழி, இன்றும் சுழி. அந்த ஒரு பை தட்டணுதான் என் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. துப்பிவிட்டதா உடம்பு? சொல்லுங்கள், துப்பிவிட்டதா? டாக்டர் அறைக்குள் வந்தாலே அவர் கண்ணைத்தான் பார்ப்பேன். கோட்டையூரிலிருந்து சின்னாத்தா தினமும் என் கணவருக்குப் போன் செய்து, "ஒட்டிருச்சா?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு வைப்பாராம்.

ஒரு காலை எண் வந்தது. சிறிய எண்தான். நர்ஸ் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறுநாள் கூடியது. அதற்கு மறுநாள் இன்னும் கூடியது. டாக்டர் வந்து, "ஒட்டிடுச்சு வள்ளி" என்றார். கத்துவதற்கு என்னிடம் தொண்டை இல்லை.

மருத்துவமனையை விட்டு வந்தாலும் ஊருக்கு விடவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஆத்தா தண்ணீரைக் கொதிக்க வைப்பதும், ஆற வைப்பதும், பாத்திரத்தை வெந்நீரில் போடுவதுமாக இருந்தார். எங்கள் சண்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சொன்னார், என் ரத்தத்தில் இப்போது இருக்கிற அணுக்கள் எல்லாமே ஆணுக்குரிய குரோமோசோம் உள்ளவை. என்னுடைய பழையது எதுவும் மிச்சமில்லை. ரத்தப் பிரிவுகூட மெல்ல பி-யிலிருந்து சொக்குவுடைய ஓ-வுக்கு மாறிவிடும். இப்படிப் பார்த்துத்தான் மாற்று முழுதாகப் பிடித்ததா என்று உறுதி செய்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் சொன்னேன். கொதித்துக்கொண்டிருந்த பானையை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தார்.

"முழுக்கவா?"

"முழுக்க ஆத்தா."

"இந்தக் கையில ஓடுறதும்?"

"தலையிலேருந்து கால் வரைக்கும் ஓடுறது சொக்கு ரத்தம்தான்."

பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்பக்கம் ஊசி குத்திக் குத்திக் கறுத்துக் கிடந்த நரம்பின் மேல் விரலை வைத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மெதுவாகத் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து அந்த நரம்பில் முத்தம் கொடுத்தார்.

"எஞ்சாமி" என்றார். "எத்தன வருசமாச்சுடா உன்னையத் தொட்டு."

பேசியது என்னோடு இல்லை. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.